வயிற்றுப் புண்ணும் அப்பாவின் கோபமும்

"எப்பா, வாந்தி ஏன் கறுப்பா இருக்கு?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

 நூற்பாலைக்குக் கிளம்பிய அப்பா வைகுண்டராஜ், தலை சுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவும் முத்துப்பேச்சியும் மம்சாபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து, அவரை இராஜபாளையம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"இரைப்பையில புண்ணு. ரத்தம் கசிஞ்சிருக்கு. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுதியளா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லம்மா," என்றார் அப்பா.

அது பொய். மில் இரைச்சலில் தினமும் தலை வலிக்கும். வெறும் வயிற்றிலேயே மாத்திரை போடுவார். 'மில்லுல தெரிஞ்சா மிஷின விட்டு எறக்கிருவாக. யார்ட்டயும் சொல்லாத' என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

முத்துப்பேச்சி அப்பாவைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்.

"தலவலி மாத்திரை சாப்பிடுவாக. தெனமும்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னே. அதுதான் புண்ணாக்கியிருக்கு. இனி அதத் தொடவே கூடாது," என்ற டாக்டரம்மா, புது மாத்திரை கொடுத்தார்.

"இது என்ன செய்யும், டாக்டர்?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"இரைப்பைச் சுவர்ல அமிலம் சுரக்கிற செல்கள் இருக்கு. அதுல ஏற்பின்னு ஒரு இடம். ஹிஸ்டமின்னு ஒரு பொருள் அங்க வந்து ஒட்டுனா அமிலம் சுரக்கும். இந்த மாத்திரை முந்திப் போய் அந்த இடத்துல உட்கார்ந்துக்கும்."

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரியா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா கொஞ்ச நேரத்துல துண்டு நழுவிரும். அதனால வலி நின்னாலும், புண்ணு ஆறுற வரைக்கும் விடாமப் போடணும்."

லீவுக்காகக் கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு வழியாகத் தலைவலிச் செய்தி மில்லுக்குப் போனது. பல வருஷம் ஓட்டிய மிஷினில் வேறு ஆளைப் போட்டார்கள். அப்பாவுக்குக் கழிவுப் பஞ்சு அள்ளும் வேலை.

"எல்லாம் ஒன்னாலதாம்ட்டி," என்றார் அப்பா. அதன் பிறகு அவளோடு பேசவே இல்லை. முத்துப்பேச்சி பாடப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

வலி நின்றதும் அப்பா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். முத்துப்பேச்சி மாத்திரையும் தண்ணீருமாக அவர் முன்னால் போய் நின்றாள். அவர் முகத்தைத் திருப்பினார். அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"எம்மேல கோவம்னா என்னய ஏசுங்க. மாத்திரை என்ன பண்ணுச்சு?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்பா வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.  மறுநாளும் அவள் போய் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. புண் வந்ததிலிருந்து பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடும் அப்பா, அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே தட்டை நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வையி, பேச்சி."

முத்துப்பேச்சி தட்டு நிறைய வைத்தாள்.