இடப்பக்கத்து எடை

காரில் யாரும் இல்லை. ஆனாலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் இருந்த எடை மெஷின்கள் இரண்டும் அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லின.

அறிவரசன் குனிந்து சிவப்பு எண்களைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அல்தாபைப் பார்த்தான். மெஷின் அல்தாபுடையது, ஆகவே தப்பும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அறிவரசனின் கணக்கில் தப்பு என்பது எப்போதும் அடுத்தவர் சொத்து.

"என்ன பாய், துபாய்ல ஒட்டகத்த நிறுத்துப் பாத்த மெஷினா இது?"

அல்தாப் லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் ரேஸ் கார் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோரும் தங்கம் கொண்டுவந்தால் இவர் நாலு எடை மெஷின் கொண்டுவந்தார் என்று அவர் தெருவில் இன்னமும் கேலி பேசுவார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நாலையும் வைத்துக் காரை மேலே நிறுத்தினால் எந்த மூலையில் எவ்வளவு பாரம் என்று தெரிந்துவிடும். அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்குகளின் திருகை ஏற்றி இறக்கி, கார் எந்தப் பக்கமும் சாயாமல் செய்வார்கள். ஓட்டுகிறவனின் எடையும் சேர வேண்டும் என்பதால் டிரைவர் சீட்டில் அவனுக்குப் பதிலாக ஏதாவது பாரத்தை வைப்பது வழக்கம். துபாயில் தண்ணீர் கேன் வைப்பார்களாம். இங்கே சிமெண்ட் மூட்டை. அரியலூர்ச் சீமையில் அதற்கா பஞ்சம்.

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் அறிவரசன் ஜே.சி.பி.க்கள் நிறுத்தும் ஷெட் அது. அதன் நடுவில் அந்த இரண்டு கதவு ஜப்பான் கார் தோலுரித்த ஆடு மாதிரி நின்றது. பெங்களூரில் விபத்து வண்டிகளை ஏலம் விடும் இடத்தில் எடுத்தது. பின் சீட், தரை விரிப்பு, ஏசி, பாட்டுப் பெட்டி, கதவுகளின் உள் அட்டை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிடுங்கி எறிந்து, உள்ளே இரும்புக் கூண்டு கட்டி, எடையைக் குறைத்திருந்தான். விபத்தில் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவன் விசாரிக்கவில்லை. கேட்பவன் கோழை என்பது அவன் கட்சி.

இவ்வளவும் ஒரு சிரிப்புக்காக. சென்னைப் பக்கத்தில் உள்ள ரேஸ் டிராக்கில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். போன தடவை அங்கே பிரசாத் என்கிற பையன், அப்பன் வாங்கிக் கொடுத்த காரில் இவனை இரண்டு முறை முந்திவிட்டு, டீ குடிக்கும் இடத்தில் எல்லோர் முன்பாகவும், "அரியலூர் லாரி மாதிரியே ஓட்டுறீங்க ப்ரோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அறிவரசனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து பல நாள் தூங்கவில்லை. அவன் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று சுமந்தபோதும் வரப்பில் நின்றவர்கள் அப்படித்தான் சிரித்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பிரசாத்தை முந்தாவிட்டால் செத்துப்போவது மேல் என்று ஒரு ராத்திரி வாய்விட்டே சொன்னான். கேட்டது அவன் மனைவி நர்மதா மட்டும்.

அல்தாப் மெஷின்களை இடம் மாற்றி வைத்தார். எடை மாறவில்லை. இடது சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார்கள். சீட்டின் எடை குறைந்தது. அந்த ஆளின் எடை குறையவில்லை. வெறும் தகரத் தரையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் மேலே கனம்.

"ஒல்லியா ஒரு ஆளு," என்றார் அல்தாப் மெதுவாக. "நகருது பாரு. கடைசி எண்ணு நிக்க மாட்டேங்குது. உசுருள்ள எதையாச்சும் ஏத்தி வச்சாத்தான் இப்படி ஆடும்."

"கரண்டு சரியில்ல பாய். எங்க ஊருக் கரண்டு அப்புடித்தான்."

"பேட்டரில ஓடுதுப்பா."

அப்போதுதான் நர்மதா சாப்பாட்டுடன் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பாள். இருவரும் கிலோக் கணக்குப் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எத்தன கிலோ எத்தன கிலோன்னே பேசுறீங்க. யாருன்னு கேட்டீங்களா?"

அறிவரசன் சிரித்தான். மருந்துச் சீட்டு படிக்கிறவளுக்கு ஸ்பிரிங்கைப் பற்றி என்ன தெரியும். இந்தப் பக்கம் பேட்டரி மெஷினைக் கட்டிக்கொண்டு அழும் பாய், அந்தப் பக்கம் இவள். இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டுதான் அவன் சென்னைக்காரனை ஜெயிக்க வேண்டும்.

பிறகு அவன் செய்ததை வேறு எந்த ஊரிலும், வேறு எந்தத் தொழிலிலும் ஒருவன் செய்திருக்க மாட்டான். திருகு திருப்பும் ஸ்பானரை எடுத்தான்.

"இருந்துட்டுப் போவட்டும். கணக்குல சேத்துக்குவோம். வலப்பக்கம் நானு, இடப்பக்கம் அது. வண்டி மட்டமா நின்னா சரிதான்."

அல்தாப் அவன் கையைப் பிடித்தார். "வேணாம்ப்பா. கணக்குல சேத்துட்டா, இருன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

"நீங்க போயி தொழுவுங்க பாய். இத நான் பாத்துக்குறேன்."

அல்தாப் போகவில்லை. சுவரோரம் நின்று உதடு அசையப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவரசன் இடப்பக்க ஸ்பிரிங்குகளை ஒவ்வொரு சுற்றாக ஏற்றினான். கார் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கடைசிச் சுற்றில் எண்கள் இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றபோது, இடப்பக்கத்து ஸ்பிரிங் ஒருமுறை மெல்ல அமுங்கி எழுந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்காருவது போல. மழையில் நனைந்து காயாத தலைமுடியின் வாடை வந்தது. பெரம்பலூரில் மழை பெய்து மாதக் கணக்கு ஆகியிருந்தது.

அல்தாப் தன் மெஷின்களைக் கூட எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னார்.

"ஓட்டுறதுன்னா நீ ஓட்டு. அந்தப் புள்ள நர்மதாவக் கூட்டிட்டுப் போவாத."

ஞாயிற்றுக்கு முன் ஓட்டிப் பார்க்கும்போது, பாய் வராவிட்டால் சுற்றுக்கு நேரம் குறிக்க வேறு யார் இருக்கிறார்கள்? அறிவரசன் மறுநாள் சாயங்காலம் நர்மதாவைத்தான் ஸ்கூட்டரில் பின்னால் வரச் சொல்லி அழைத்துப் போனான்.

ஆலத்தியூர் தாண்டி, சுண்ணாம்புக்கல் தீர்ந்து கைவிட்ட பழைய சுரங்கம் ஒன்று. டிப்பர் லாரிகளுக்காகப் போட்ட அகலப் பாதை பள்ளத்தைச் சுற்றி வளைந்து, ஒரு நீளமான நேர்ப்பாதையாகக் காவலாளி அறையைத் தாண்டி மறுபடி வளைவில் சேரும். வெள்ளைப் புழுதி, சீமைக் கருவேலம், பள்ளத்தின் அடியில் பச்சையாய்த் தேங்கிய தண்ணீர். காவலாளி அறையின் உடைந்த சுவரோரம் நர்மதா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கயே நில்லு. வண்டி உன்னத் தாண்டுனதும் அமுக்கு. அதக்கூடத் தப்பா அமுக்கிறாத."

"சீக்கிரம் வாங்க. இருட்டப் போவுது," என்றாள்.

முதல் சுற்று அவன் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. வளைவில் காரைத் திருப்பியபோது அது சாயவில்லை, அலையவில்லை, தண்டவாளத்தில் போவது போலப் போனது. இடப்பக்கத்து எடை வளைவு தோறும் சரியாக உள்பக்கம் சாய்ந்து கொடுத்தது. மொபெட்டின் பின்சீட்டில் பல வருஷம் உட்கார்ந்து பழகியவர்கள் ஓட்டுபவனோடு சேர்ந்து சாய்வார்களே, அப்படி. அறிவரசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு உதவி பிரசாத்திடம் இருக்கிறதா?

"நல்லா உக்காரு. ஓசிச் சவாரி," என்றான் காலி இடத்தைப் பார்த்து. நர்மதாவைத் தாண்டினான். அவள் கட்டை விரல் போனில் அழுந்துவது தெரிந்தது.

இரண்டாவது சுற்றில் வெளிச்சம் குறைந்துவிட்டது. விளக்கைப் போட்டான். புழுதி விளக்கு வெளிச்சத்தில் மாவு சலித்தது போல் மிதந்தது. எஞ்சின் சத்தம் தகரத்தில் மோதி உள்ளேயே சுற்றியது; அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதை அவன் பள்ளத்தின் மறுகரையில்தான் கவனித்தான். ஹெல்மெட்டுக்குள் அவன் மூச்சு. இழுத்து, விட்டு, இழுத்து. அவன் இழுக்கும்போது ஒன்று விட்டது. அவன் மூச்சை அடக்கினான்.

இன்னொன்று அடங்கவில்லை.

ஈர முடியின் வாடை வந்தது. எஞ்சின் சூட்டையும் பெட்ரோலையும் மீறி வந்தது. இடது முழங்கையை எதுவோ உரசியது. கியர் போடக் கை போனபோது கியர்க் குமிழ் ஈரமாக இருந்தது.

வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. தூரத்தில், பாதையின் கடைசியில், நர்மதாவின் போன் வெளிச்சம் சின்னதாகத் தெரிந்தது. அவனுக்குப் பயம் வந்திருந்தது. ஆனால் பயத்தை ஒத்துக்கொள்வது பாயின் வேலை, பொம்பளை வேலை. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டுவதுதான். கூலிக்காரர்களை, டிரைவர்களை, வீட்டை அப்படித்தான் நடத்தியிருக்கிறான். எட்டி இடது கதவைத் திறந்து விட்டான்.

"எறங்கு."

ஒன்றும் நடக்கவில்லை.

"எறங்குன்னு சொல்றேன்ல. நாயே. ஓட்டுறது நானு. எறங்கு."

இடப்பக்கத்து ஸ்பிரிங் முனகியது. கார் அந்தப் பக்கம் மெல்ல, மெல்ல உயர்ந்தது. ஏற்றி வைத்த திருகுகள் அவ்வளவும் இப்போது பாரமில்லாத பக்கத்தைத் தூக்க, கார் அவன் பக்கமாகக் கோணலாகச் சாய்ந்து நின்றது. போய்விட்டது. வெளியே புழுதியில் காலடிச் சத்தம் எதுவும் இல்லை. அறிவரசன் சிரித்தான்; சிரிப்பு இருமலாக வந்தது.

"அவ்வளவுதானா நீ?"

இடது விளக்கின் வெளிச்சம் ஒரு கணம் மறைந்தது.

திரும்பவும் தெரிந்தது. பிறகு வலது விளக்கின் வெளிச்சம் மறைந்தது.

காருக்கு முன்னால் யாரோ நடந்து இந்தப் பக்கம் வருகிறார்கள்.

அவன் கை கதவின் பூட்டைத் தேடியது. பூட்டு இல்லை. கதவை இழுத்துச் சாத்த ஒரு துணிப் பட்டைதான் இருந்தது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டான். மார்பிலும் தோளிலும் இடுப்பிலும் குறுக்கே ஓடி வயிற்றில் ஒரே குமிழில் சேரும் ரேஸ் பெல்ட்டை மறுகையால் கழற்றப் பார்த்தான். விரல் குமிழைத் தொட்டது.

கதவு திறக்கவில்லை. வலப்பக்க ஸ்பிரிங்தான் அமுங்கியது.

தொடையில் கனம். சில்லென்ற ஈரக் கனம். மடியில். அவன் மடியில். வண்டி ஓட்டப் பழக வரும் பிள்ளையை அப்பன் மடியில் உட்கார வைப்பானே, அந்த இடத்தில், அந்த மாதிரி. ஆனால் பிள்ளைக் கனம் இல்லை. ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. பெல்ட் தானாக இறுகியது. குமிழுக்கும் அவன் விரலுக்கும் நடுவில் எதுவோ வந்து உட்கார்ந்துவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியில் முடி உரசும் சத்தம். சரக். சரக்.

"நர்மதா," என்றான். வெளியே வந்தது காற்று.

கிளட்சில் இருந்த அவன் இடது காலின் மேல் ஒரு பாதம் வந்து அமர்ந்தது. ஆக்ஸிலேட்டர் மேல் கிடந்த வலது காலின் மேல் இன்னொன்று. ஸ்டியரிங்கில் இருந்த அவன் கைகளை இரண்டு ஈரக் கைகள் மூடிக்கொண்டன. கியர் விழுந்தது. அவன் போடவில்லை.

கார் கிளம்பியது. வலப்பக்கம் கோணிக்கொண்டே, புழுதியை வாரி இறைத்துக்கொண்டு. இடது கதவு திறந்தபடி ஆடியது. அவன் பிரேக்கைத் தேடினான். கால் நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்ப முயன்றான். விழுந்து செத்தாலும் சரி, நர்மதா பக்கம் போகக் கூடாது. முழுப் பலத்தோடு இழுத்தான். ஸ்டியரிங் ஒரு நூல் அசைந்தது. திரும்ப நேரானது. ஹாரன் அடிக்கலாம். அதை எடை குறைக்க அவன்தான் கழற்றிப் போட்டிருந்தான்.

நர்மதா வெளிச்சத்துக்குள் வந்தாள். முதலில் சேலைக் கரை. பிறகு கை. பிறகு முகம். அவன் முழு வேகத்தில் வருகிறான் என்று நினைத்து, போனை உயர்த்திக் கட்டை விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். சிரித்தாள். இன்னொரு கையை உயர்த்தி ஆட்டினாள்.

ஸ்டியரிங்கில் அவன் கைகள் இரண்டும் அப்படியே கிடக்க, அவன் முகத்துக்கு முன்னால் வேறொரு கை எழுந்து பதிலுக்கு அவளைப் பார்த்து ஆட்டியது.

நர்மதாவின் சிரிப்பு நின்றது. கண்ணைச் சுருக்கி, டிரைவர் சீட்டில் இருக்கும் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் ஏதோ கேட்பது போலத் திறந்தது. அறிவரசனின் வலது காலை அந்தப் பாதம் தரை வரைக்கும் அழுத்தியது.