வெள்ளை விழும் இடம்

கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது.

தன் கைப்பிசகுதான் என்று நினைத்தாள் ஆர்லீன் கொஸ்கி. டுலூத் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சியில், செய்தியில் பேசுபவரின் பெயர்ப்பட்டையைத் திரையில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. ஏற்றவும் இறக்கவும் ஒரே பொத்தான். அவளுடைய கிராபிக்ஸ் இயந்திரம் இரண்டு படங்களைத் தரும். ஒன்றில் பட்டையின் வண்ணம். மற்றது வெறும் கறுப்பு வெள்ளை. வெள்ளை விழும் இடத்தில் கேமரா காட்டுவதை வெட்டி எறிந்துவிட்டு அவள் வரைந்தது உட்காரும். கறுப்பு விழும் இடத்தில் கேமரா காட்டுவது தப்பிக்கும். அந்தக் கறுப்பில்தான், வலது ஓரமாக, ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளை.

அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தாள். பட்டை, நிழல், எழுத்து, அவ்வளவுதான். ஜன்னலில்லாத அந்த அறையில் சூடேறிய தூசியும் ஆறிப்போன காபியும் மணக்க, அவற்றுக்கு அடியில் வெர்ன் எந்நேரமும் மெல்லும் புதினா மிட்டாயின் வாசம் அவன் நாற்காலியை விட்டு இன்னும் போகாமல் ஒட்டிக்கிடந்தது.

முன்பு கேமரா சுமந்து, பிறகு இதே மேசையில் அவளோடு மாறி மாறி வேலை பார்த்தவன் வெர்ன் லாட்டி. செய்தித் தலைமை டக் ஹெஸ்லர் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்தச் சுமையையும் வெர்ன் தலையில் கட்டினான். ராப்பகலாக உழைத்தவன், போன மாதம் வீடு திரும்பும் வழியில் தூங்கிப்போய் லாரிக்கு அடியில் காரை விட்டுவிட்டான். இன்று மாலைச் செய்தியில் ஹெஸ்லரே உட்கார்ந்து அவனுக்கு அஞ்சலி வாசிக்கப் போகிறானாம். கிராபிக்ஸ் நல்ல உருக்கமாக இருக்கட்டும் என்று காலையில் அவள் தோளில் தட்டிவிட்டுப் போனான், வெட்கங்கெட்டவன்.

ஒத்திகையில் பொத்தானை அழுத்தினாள். பட்டை ஏறியது. வலது ஓரத்தில், செய்தி வாசிக்கும் மேசையில் பூச்சாடி இருந்த இடத்தில், ஆள் வடிவத்தில் இருட்டு. மறுபடி அழுத்தினாள். பட்டை போயிற்று, இருட்டும் போயிற்று. பூச்சாடி இல்லை.

பக்கத்து இருக்கையில் நிகழ்ச்சியை நடத்தும் ரோண்டா, சாடியை எடுத்தது யார் என்று ஹெட்செட்டில் கேட்டாள். யாரும் பக்கத்திலேயே போகவில்லை என்று ஸ்டூடியோவிலிருந்து பதில் வந்தது. மேசையில் ஈர வளையம் மட்டும் இருந்ததாம்.

பட்டையே இல்லாமல் போய்விடலாம் என்று ஆர்லீன் ரோண்டாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஹெஸ்லர் பேரு வரலைன்னா நம்ம ரெண்டு பேரு சீட்டும் கிழிஞ்சிடும்டி," என்றாள் ரோண்டா.

செய்தி தொடங்கியது. ஹெஸ்லர் கறுப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்தான். ஆர்லீன் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தாள். வெள்ளை நகர்ந்திருந்தது. அவன் நாற்காலிக்கு நேர் பின்னால். அகன்ற உடம்பு. இடது தோள் மட்டும் சரிந்து. வருஷக்கணக்காகக் கேமரா சுமந்த தோள். வெர்ன்.

பின்னாலிருந்த இயந்திர விசிறிகள் மெல்ல மெல்ல ஒரே மூச்சாக இரைந்தன. இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு. புதினா வாசம் ஏறியது.

"பட்டை," என்றாள் ரோண்டா.

ஆர்லீன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு வெறுத்தாலும் அவனும் ஒரு மனுஷன். மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். படத்தில் வெள்ளை குனிந்தது. ஹெஸ்லர் உட்கார்ந்திருந்த அதே வடிவில், அவன் மேலேயே உட்கார்ந்தது.

ஹெஸ்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வெர்ன் அவ்வளவு களைச்சுப்போயிருந்தார்னு எங்க யாருக்குமே தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொன்னானே! வெர்ன் இவன் அறை வாசலில் நின்று சொன்னானே. "டக், கண்ணு சொருகுது. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க." ஆர்லீன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஹெஸ்லர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. காபி குடி என்றான்.

நாக்கூசாமல் பேசுகிறான், ஊர் முழுக்கக் கேட்க.

கை தானாக எழவில்லை. அவள்தான் எடுத்தாள். அவள்தான் அழுத்தினாள்.

பட்டை ஏறியது. டக் ஹெஸ்லர், செய்தித் தலைமை. அதற்கு மேலே இருட்டு.

ஸ்டூடியோவில் யாரோ வீறிட்டார்கள். கேமரா நேராகக் காட்டும் படத்தில் நாற்காலி காலி. அதன்மேல் அவன் சட்டையில் குத்தியிருந்த மைக் மட்டும் கிடந்தது. அதில் இன்னும் மூச்சு கேட்டது. இரண்டு பேருடைய மூச்சு.

"இறக்கு," ரோண்டா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆர்லீன், பட்டையை இறக்குடி."

விரல் பொத்தான் மேல் இருந்தது. கண் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்.

இப்போது அதில் ஹெஸ்லரின் வடிவம் இல்லை. உட்கார்ந்த ஒரு பெண்ணின் வெள்ளை. தலையில் ஹெட்செட். நீட்டிய கை. ஆர்லீன் தலையைச் சாய்த்தாள். அதுவும் சாய்த்தது.

அதற்குப் பின்னால் சரிந்த தோளோடு ஒன்று.

அது குனிந்தது.

புதினா மணக்கும் குளிர்ந்த விரல் ஒன்று அவள் விரலின் மேல் வந்து படிந்து, மெதுவாக அழுத்தத் தொடங்கியது.