அவன் இருந்த இடத்தில்

கணினியில் இருந்த படங்களிலிருந்துதான் அவனை நீக்கினாள். சுவரில் மாட்டியிருந்த படத்திலும் அவனைக் காணவில்லை.

அது தாளில் அச்சிட்ட படம். தங்கையின் கல்யாணத்தன்று அவளே எடுத்து, அவளே அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது. காலையில்கூட அதில் அவன், தங்கையின் புருஷன், அவள் தோளில் கைபோட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இப்போது தங்கை மட்டும் நின்றாள். ஒரு தோள் மட்டும் தாழ்ந்திருந்தது, கனமான எதையோ சுமப்பதுபோல.

விரலால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். தூசிதான் வந்தது.

அந்த அறையில் பகலிலும் இருட்டுதான். நிறம் பார்த்துத் திருத்துகிற வேலைக்கு வெளிவெளிச்சம் ஆகாது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்ததால் துணியிலிருந்து ஈர நாற்றம் வந்தது, கணினி விசிறி சூடான தூசி வாசனையை முகத்தில் ஊதியது, இவற்றுக்கெல்லாம் மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், மாடிவீட்டில் தங்கையின் நடமாட்டம் மெலிதாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

காலையில் கேட்டது நடமாட்டமல்ல. ஏதோ கனமானது பீரோவில் மோதிய சத்தம். உடனே மாடியில் டிவி சத்தம் கூடியது. முன்பு ஒருமுறை அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். தங்கைதான் பாதிக் கதவைத் திறந்து, "நீ தலையிடாதக்கா. நீ போனப்புறம் எனக்குத்தான் சேர்த்து விழும்" என்றாள். அன்றிலிருந்து கீழே உட்கார்ந்து கேட்க மட்டும் செய்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்குள் ஏதோ கெட்டியாகிப் போயிருந்தது. அவன் செத்தால் போதாது. இருந்த தடமே இருக்கக்கூடாது.

இன்று அந்தச் சத்தம் கேட்ட நேரம் பார்த்துத்தான் முக்காலி போன் செய்தான். கல்யாணங்களுக்கு அவளோடு படமெடுக்க வருகிறவன். கேமரா வைக்கும் முக்காலிபோன்ற ஒல்லி உடம்புக்குக் கிடைத்த பட்டப்பெயர்.

"நாம கேட்டுக் கேட்டுத் தொண்டை வத்தினது வந்துருச்சு. எடிட்டிங் சாஃப்ட்வேர் புது வெர்ஷன் போடு. ஒரு மூஞ்சியைக் காட்டினா போதும், மொத்தப் படத்துலேருந்தும் ஆளைத் தூக்கிட்டு, ஓட்டையையும் அதுவே அடைச்சிடுது. இனிமே டைவர்ஸ் கேஸுக்கெல்லாம் நாம ராத்திரி முழிக்க வேணாம்."

"அடைக்கறது சுத்தமா இருக்கா?"

"எங்கேருந்து எடுத்து அடைக்கணும்னு நீ காட்டணும். சும்மா விட்டா பக்கத்துல நிக்கிறவங்களை வெட்டி ஒட்டிடும். நேத்து ஒரு மாமனாருக்கு மூணு மீசை!"

சிரித்துவிட்டு வைத்தான். அவள் சிரிக்கவில்லை. குடும்பப் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தாள். அவன் முகத்தைக் காட்டினாள். எங்கிருந்து எடுப்பது என்று நிரல் கேட்டபோது, அவசரத்தில் பார்க்காமலே சரி என்று அழுத்தினாள்.

இப்போது போன் மறுபடி அடித்தது. தங்கை.

"அக்கா, அவர் கீழ வந்தாரா?"

"இல்லையே."

"சோபாலதான் உக்காந்திருந்தாரு. டீ கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வர்றேன், ஆளைக் காணோம். கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கு."

"தொலைஞ்சான்னு விடு. டீயை நீ குடி."

தங்கை களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஆனா சோபா இன்னும் அமுங்கியே இருக்குக்கா."

போனை வைத்தாள். பயத்தைவிடச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. வயிற்றில் வெந்நீர் இறங்குவதுபோன்ற, அசிங்கமான சந்தோஷம். தொழில் பழக்கத்தில், வேலை சுத்தமா என்று பார்க்க, ஒரு படத்தைப் பெரிதாக்கினாள்.

சோபாவில் அவன் உட்கார்ந்திருந்த இடம். மெத்தை உறை இல்லை அது. தங்கையின் நைட்டித் துணி. திரைச்சீலை மடிப்பில் ஒரு காது. அதே காதுதான் தங்கையின் முகத்தோரத்திலும் இருந்தது.

அடுத்த படம். தங்கையின் முழங்கை, அதன் பக்கத்தில் அதே முழங்கை. அடுத்தது. அடுத்தது. எல்லாப் படத்திலும் அவனுக்குப் பக்கத்தில் நின்றவள் ஒருத்திதான்.

செய்ததை ரத்துசெய்ய இரண்டு விசைகள் போதும். விரல்கள் அவற்றின்மேல் போய் உட்கார்ந்தன. ரத்துசெய்தால் தங்கை சரியாவாள்.

அவனும் வருவான். சிரித்துக்கொண்டு. தோளில் கைபோட்டுக்கொண்டு.

விரல்களை எடுத்தாள். நிரலில் ஒட்டுவதற்கான தூரிகையைப் பிடித்தாள். ஒட்டின இடத்தின்மேல் மறுபடி ஒட்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாளே கற்றுக்கொள்வது. தெரிந்தேதான் காதின்மேல் தேய்த்தாள். காது போயிற்று. அங்கே கூந்தல் வந்தது. கூந்தலைத் தேய்த்தாள். உள்ளங்கை வந்தது. நிரல் ஒவ்வொன்றையும் தானாகவே சேமித்துக்கொண்டது.

மாடியில் தங்கை சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்தாள்.

அதே நேரத்தில், கூடத்திலிருந்து சமையலறைக்கும் நடந்தாள்.

அவள் கை நின்றது.

ரத்துசெய்யும் விசைகளை அழுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூலப்படங்களின் நகல் இருந்த தனி வட்டைச் செருகினாள். அதிலும் அவன் இல்லை. அதிலும் காது.

படிகளில் ஓடினாள். இருட்டு. சுண்ணாம்பு ஈரம். கதவைத் தட்டுமுன் தாழ்ப்பாள் விலகியது.

தங்கைதான். முழுசாக, நன்றாக இருந்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதக்கா. டீ ஆறிடுச்சுன்னு கோபம்."

"யாருக்குடி?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. தங்கையின் குரல்.

"யாருடி அங்க?"

"அக்காதாங்க" என்று சொல்லிக்கொண்டே தங்கை திரும்பி உள்ளே போனாள்.

சோபாவில் அது உட்கார்ந்திருந்தது. அவன் உயரம். அவன் அகலம். கழுத்துவரை நைட்டிப் பூ, மறுபடி அதே பூ, மறுபடி அதே பூ. கழுத்துக்கு மேல் கூந்தல். முன்பக்கமும் கூந்தல். ஓரங்கள் மங்கலாக இருந்தன, சரியாகத் தேய்க்காததுபோல.

அது எழுந்தது.

 

தங்கை அக்காவைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்தவளாக, கன்னத்தைச் சற்றே திருப்பி நின்றாள். மெலிந்த கை ஒன்று அவளுக்கு மேலே ஓங்கியது. அது தங்கையுடைய கை. அதன் கீழ், அதே மணிக்கட்டிலிருந்து, இன்னொன்றும்.