வெளித்தாழ்ப்பாள்

ஐப்பசி முகில்கள் திருமாலின் நிறம் பூண்டு வரதர் கோபுரத்தின்மேல் கவிந்திருந்தன. வேகவதி ஆற்றில் புதுநீர். தறிக்கான பாவு நூலை விரிக்க வெயிலின்றித் தெருக்கள் வெறிச்சோடின. மரமெல்லாம் நீருண்டு பருத்து, மூச்சடக்கி நிற்கும் பருவம் அது.

அப்பிற்பகலில் சின்ன காஞ்சிபுரத்து அழகியமணவாளன் வீட்டு உள்ளறைக்குப் புதுக்கதவு பொருத்த வந்தான் தச்சன் மொஹசின்.

சென்ற ஐப்பசியில் அவ்வறையில்தான் அவர் மனைவி வைதேஹி காய்ச்சலில் இறந்தாள். மழையில் கதவு உப்பிவிட்டது, திறக்க முடியவில்லை என்று ஊரை நம்பவைத்தார். அவரே வெளியே தாழிட்டுப் போனதைப் பழைய கதவு மட்டுமே அறியும். அதன் உட்புறமெங்கும் நகக்கீறல்.

அதை எரித்துவிட்டார்.

"தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போடு. சாயங்காலம் புது ஆத்துக்காரி வந்துடுவா."

"உள்பக்கம் வேணாமா சாமி?"

"சொன்னதைப் பண்ணுடா."

கதவு நிலையில் இறங்கவில்லை. மொஹசின் நிலையின் விளிம்பெங்கும் சாக்குக்கட்டி தேய்த்து, கதவை அழுத்திச் சாத்தினான். இடிக்கும் இடத்தில் வெண்மை ஒட்டும். அங்கே இழைக்க வேண்டும். திறந்து பார்த்தான்.

கதவில், முழங்கால் உயரத்தில், நான்கு மெல்லிய விரல்களின் வெண்தடம்.

இழைத்துத் தள்ளினான். மீண்டும் சாத்தித் திறந்தான்.

அதே விரல்கள்.

"இன்னா சாமி இது, கோச்சிக்கினு போன சம்பந்தி மாதிரி முறைக்குது," என்று சிரிக்க முயன்றான்.

"உன் கைதான் பட்டிருக்கும். உங்கப்பன் வேலை உனக்கு வரலைடா. தள்ளு, உள்ளே போய் நானே பார்க்கறேன்."

அவர் உள்ளே சென்று கதவை இழுத்தார். அது ஓசையின்றி நிலையில் அமர்ந்தது.

வெளியே தாழ்ப்பாள் விழும் ஒலி.

தாழ்ப்பாள் இன்னும் மொஹசினின் பையில்தான் இருந்தது.

"திறடா! திற!"

மொஹசின் தோள்கொடுத்து மோதினான். உளியைச் செருகினான், நுழைய மயிரிழை இடமில்லை. காய்ச்சல் வியர்வையின் வாடை மரத்தின் ஊடே கசிந்தது. உள்ளே நகங்கள் பிறாண்டின. பிறகு, ஒரு பெண்ணின் குரல், மிக மென்மையாக:

"மழையில கதவு உப்பிப்போயிடுத்து. திறக்க முடியல."

பிறாண்டல் ஓய்ந்தது. கதவு தானே திறந்தது.

அவர் முழங்காலிட்டபடி இறந்திருந்தார். நகங்கள் பெயர்ந்திருந்தன. கதவின் உட்புறத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மாரடைப்பு என்றது ஊர்.

காரியங்கள் முடிந்த மாலையில், விட்டுப்போன இழைப்புளியை எடுக்க வந்தான் மொஹசின். அவர் புதிதாய் மணந்திருந்த ஸுபத்ரா நடுக்கூடத்தில் தனியே இருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு அவர் தாழ்ப்பாளை வெளியில போடச் சொன்னாரும்மா. உங்களுக்காக."

அவள் எழுந்து, அவ்வறையின் வாயிற்படியில் அகல் ஏற்றினாள்; ஒரு துளசிக்கொத்தை வைத்தாள்.

"அக்கா," என்று முணுமுணுத்து, படியில் நெற்றி பதித்தாள்.

மழைக்காற்று வீசியது, சுடர் அசையவில்லை. அவள் நிமிர்ந்தபோது, கருங்கூந்தலின்மேல் வெண்மையாய் நான்கு விரல்கள் பதிந்திருந்தன.

உள்ளிருந்து அதே குரல் வந்தது.

"நன்னா இரு."