ஹம்ப்பில் எரிந்த சிவப்பு விளக்கு

ஞாயிறு, காலை 8.20.

சர்ச்சில் ஏழு மணிப் பூசை முடிந்து ஐரினும் அவள் கணவன் டிரேவரும் ஜீவனஹள்ளி வீட்டுக்குத் திரும்பியபோது, மாடிப்படிக்கு அடியில் வண்டி இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

“பூட்டை உடைக்கல, சாவி போட்டு எடுத்திருக்கான்,” என்றான் டிரேவர். “இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு உனக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியும். அவள் அண்ணன் ஆம்ப்ரோஸிடம் இருந்தது. அந்தப் பச்சை பைக் அவர்களுடைய அப்பாவுடையது. சாகும் முன் அவர் அதை மகனுக்குக் கொடுக்காமல் மருமகனுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆம்ப்ரோஸ் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் வண்டியைப் பார்க்காதவன்போல் பார்த்துக்கொண்டே போவான். தெருவுக்கே தெரிந்த பொறாமை.

டிரேவர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினான். எஸ்.ஐ. பன்னிரண்டு மணிக்கு வருவாராம்.

“உங்கண்ணன் பேரைத்தான் எழுதிக் குடுப்பேன்.”

“பேரு போனா அவன் வேலை போயிரும்ங்க.”

ஆம்ப்ரோஸ் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறான். போலீஸ் புகார் என்றால் அன்றே இறக்கிவிடுவார்கள்.

“போவட்டும். இந்த வாசப்படி மிதிக்காம இருந்தா சரி.”

“வண்டிக்கு என்னா அடையாளம் சொல்லுவீங்க?”

“பிரேக் புடிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும். ஊர்ல வேற எந்த வண்டி அப்படி எரியுது? நேத்து ராத்திரிகூட புடிச்சுப் பார்த்தேன். அதே கூத்துதான்.”

டிரேவர் எந்த மெக்கானிக்கையும் வண்டியைத் தொடவிட்டதில்லை. செல்போனில் வீடியோ பார்த்துத் தானே கழற்றி மாட்டுவான். ஒரு ஸ்பார்க் பிளக் மாற்றினாலும் நாலு பேரைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டாமல் விடமாட்டான். பின்விளக்கின் தகட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துப் புது விளக்கு மாட்டிய நாளில் பிடித்தது அந்த இண்டிகேட்டர் சனியன். பல்பு மாற்றினான், ஸ்விட்ச் மாற்றினான், ஒன்றும் நடக்கவில்லை. அவன் பிரேக் பிடித்தால் தெருப்பிள்ளைகள் “கிறிஸ்துமஸ் ஸ்டாரு!” என்று கத்தும்.

9.10. ஆம்ப்ரோஸ் லுங்கியோடு தன் வீட்டுக் கதவைத் திறந்தான். வண்டி காணாமல் போனதையும் பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வருவதையும் ஐரின் சொன்னாள்.

“ஏழு மணிக்கு எங்க இருந்தண்ணா?”

“நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து படுத்தேன்.”

“சாட்சி?”

“தலகாணி.”

“அப்பா சாவி?”

ஆணியில் தொங்கிய கொத்தைக் காட்டினான்.

“உனக்குப் பொறாமை இல்லன்னு சொல்லு பார்ப்போம்.”

“எதுக்குப் பொய் சொல்லணும்? வயிறு எரியத்தான் எரியுது. அதுக்காகத் திருடி எங்க ஓட்டுவேன், சமையல்கட்டுலயா?” அவன் குரல் இறங்கியது. “வியாழக்கிழமை உன்கிட்ட சொன்னேனே, விளக்குத் தகட்டுல போல்ட்டுக்கடியில பெயின்டைச் சுரண்டச் சொல்லுன்னு. கரன்ட் திரும்பி வர்ற வழி அந்த இரும்புதான். நடுவுல பெயின்ட் அடைச்சா இண்டிகேட்டர் வழியா சுத்திட்டு வரும். அவரு காதுல போட்டியா?”

“போட்டேன். டிரைவருக்கு வயரிங் தெரியுமான்னு சிரிச்சாரு.”

10.00. தெருமுனை பேக்கரி. கடைக்காரன் அஷ்வத் தன் கேமராப் பதிவை ஓட்டிக் காட்டினான். 7.25க்குப் பச்சை வண்டி சந்திலிருந்து வருகிறது. ஹெல்மெட், மழைக்கோட்டு, முகமே இல்லை. பேக்கரி முன்னால் இருக்கும் வேகத்தடையில் பிரேக் பிடித்து, ஏறி இறங்கி, மறைகிறது.

“யாருன்னு கொத்தாகல்ல, தெரியல மேடம். ஹம்ப் தாண்டிப் போய்ட்டான், அஷ்டே, அவ்ளோதான்.”

“இன்னொரு தடவை போடுங்க.”

மூன்றாம் தடவை அவள் ஆளைப் பார்க்கவில்லை, விளக்கை மட்டும் பார்த்தாள். ஹம்ப்பில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அது மட்டும்தான் எரிந்தது.

10.40. வீட்டுக் குளியலறையில் துவைக்கத் துணி போட்டிருந்த பக்கெட்டைக் கிளறினாள். டிரேவரின் சனிக்கிழமை பேன்ட். கால் மடிப்பை உதறினாள். பச்சைத் தூள் உதிர்ந்தது.

11.30. டிரேவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

“வண்டி எங்கங்க?”

“உங்கண்ணனைக் கேளு.”

“கேமராவுல பார்த்தேன். பிரேக் புடிச்சான், இண்டிகேட்டர் எரியல. திருட வந்தவன் உக்காந்து பெயின்டைச் சுரண்டி, ரிப்பேர் பண்ணிட்டா ஓட்டிட்டுப் போவான்? அது முன்னாடியே சரியாயிடுச்சு. நேத்து ராத்திரி அதே கூத்துன்னு நீங்க சொன்னது பொய். உங்க பேன்ட் மடிப்புல பச்சைப் பெயின்ட் இருக்கு.”

டிரேவரின் விரல் பட்டனிலேயே நின்றது.

“பிளக் மாத்தினாலே தெருவைக் கூட்டுற ஆளு நீங்க. ரெண்டு மாசக் கோளாறு தீர்ந்திருக்கு, ஒருத்தரையும் கூப்பிடல. ஏன்னா சுரண்டினது உங்க கை, சொன்னது எங்கண்ணன் வாய்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

“போல்ட்டை முடுக்கினதும் சரியா எரிஞ்சுது ஐரின். சந்தோஷமே வரல. அவன் வண்டியைத் தொடக்கூட இல்ல, தெருவுல நின்னு பார்த்தே சொல்லிட்டான். மாமா தப்பான ஆளுக்குக் குடுத்துட்டாருன்னு ஊரு சொல்லும். நீயும் நினைப்ப. அவன் திருடன்னு ஆயிட்டா அவன் பேச்சை யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்.”

“வண்டி எங்க?”

“பொம்மசந்திராவுல. கூட வேலை செய்யற மஞ்சுநாத்து வீட்டுல. நான்தான் சாவி செஞ்சு குடுத்தேன்.”

“அப்ப அண்ணன் வேலை?”

டிரேவர் மிச்சப் பட்டனைப் போட்டான்.

“கிளம்புங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்,” என்றாள் ஐரின். “பேரை நான் சொல்றேன்.”

அவன் எழவில்லை. ஐரின் போனை எடுத்து எண்ணைத் தட்டி, அவன் கையில் வைத்தாள்.

“சொல்லும்மா, போலீஸ் வந்தாச்சா?” ஆம்ப்ரோஸின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“மச்சான்... நான் டிரேவர். வண்டி கிடைச்சிருச்சு.”

“அப்பாடா! யாரு எடுத்தது?”

டிரேவர் மனைவியைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான்தான்.”