கோபித்துக்கொள்ளக் கூடாத உறவு

அந்தக் கோழிக்காலை வசிதி கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

காலை ஏழு மணிக்கு ஆண்கள் அறுவை வார்டுக்குள் நுழைந்தவள், மூன்று மணிக்கு வெளியே வரும்வரை ஒரு கோப்பைத் தேநீர்தான் குடித்திருந்தாள். சம்பள வியாழக்கிழமை. அம்மா தாரைவினியும் அப்பாவும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பிடித்து, சுவா நகர பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சீனர் ஓட்டலுக்கு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வெளியே மழை... இந்த ஊரில் மழை பெய்யாத சம்பள நாள் எது?

உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிக் காலைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"இந்த நகம் உள்ளே வளருதா பாரும்மா."

"அப்பா... சாப்பிடற இடம்!"

"அதான் கேக்கறேன். வீட்ல நீ தூங்கிடற."

நூடுல்ஸ் கொண்டுவந்த பையன்கூடத் தட்டை வைத்துவிட்டு முழங்கையை நீட்டினான். "சிஸ்டர், இது சொறியா, தேமலா?"

வசிதி கண்களை மூடித் திறந்தாள். கடவுளே, ஒரே ஒரு நாள்... யாரும் எதையும் அவிழ்த்துக் காட்டாமல் நான் சாப்பிட வேண்டும்!

அம்மாவுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. ஓட்டல் முழுக்கக் கேட்கிற குரலில் யாரிடமோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். "நாங்க வைநிமோலிக்காரங்க. எங்க ஊர் நண்டு மாதிரி..."

அப்போதுதான் அந்தக் கை வந்தது. பின்னாலிருந்து, வசிதியின் தோளுக்கு மேலே. நீளமான விரல்கள். நகக்கண்ணில் இயந்திர எண்ணெய்க் கறுப்பு. நேராகத் தட்டுக்கு வந்து, கோழிக்காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

திரும்பினாள். அடுத்த மேசையில் ஒரு பெரிய உடம்புக்காரர், அவர் பக்கத்தில் ஓர் இளைஞன். வாய் நிறைய அவளுடைய கோழி.

"ஹலோ! என்ன இது?"

"நான் நகாலௌ," என்றான் மென்றுகொண்டே. "நீ வைநிமோலி. அப்புறம் என்ன?"

அம்மா கைதட்டிச் சிரித்தாள். "அட, தௌவு பையன்!"

வசிதிக்கு அழுகையே வந்தது. இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே தெய்வம் என்று பேச்சு; அந்த உறவுக்குத்தான் தௌவு என்று பெயர். அதனால் வைநிமோலிக்காரர்களும் நகாலௌக்காரர்களும் ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் கிண்டலடிக்கலாம், தட்டில் இருப்பதை எடுத்துத் தின்னலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது... கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் ஊர் மானம் போய்விடும்.

"நான் காலையிலேர்ந்து சாப்பிடல," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வைநிமோலில தினமும் அப்படித்தானாமே?"

அப்பாகூடச் சிரித்துவிட்டார். அவன் கண்கள் மட்டும் ஒரு நொடி அவள் முகத்தில் தயங்கி நின்றன. மழைத்தண்ணீரில் கழுவிவிட்ட மாதிரி பளபளப்பான கண்கள்... சே! கோழித் திருடனுக்கு எதற்கு இப்படிக் கண்?

*

திங்கட்கிழமை காலை, ஏழாம் எண் கட்டிலில் அந்தப் பெரிய உடம்புக்காரர் படுத்திருந்தார். குடலிறக்க அறுவைக்காகத் தீவிலிருந்து கப்பலில் வந்தவர். பெயர் அபெனிசா. கட்டிலுக்குப் பக்கத்தில், துணைக்கு வந்த தங்கை மகன் இசிகேலி, அதே கோழித் திருடன்... ஊரில் படகு இயந்திரம் பழுது பார்க்கிறவன்.

"மாமா, பயப்படாதீங்க," என்றான் அவளைப் பார்த்ததும். "வைநிமோலி நர்ஸ்தான். ஊசியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு நான் சொல்லித் தந்துடறேன்."

வார்டு முழுக்கச் சிரிப்பு. தையல் போட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதடா, வலிக்குது!" என்று கெஞ்சினார்கள்.

மூன்று நாள் இதே கதை. அவள் ரத்த அழுத்தம் பார்த்தால், "எண் படிக்கத் தெரியுமா?" என்பான். கட்டுப் பிரித்தால், "மீன் சுத்தம் பண்ற பழக்கம் போல" என்பான். வீட்டுக்குப் போனால் அம்மா வேறு. தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை ஒரு டப்பாவில் அடைத்து, "அந்தத் தௌவு பையனுக்குக் குடு, பாவம், ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றாள்.

"அம்மா, அவன் என் சாப்பாட்டைத் திருடினவன்!"

"அதனாலதான் குடுக்கச் சொல்றேன்."

புதன்கிழமை அவளும் சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது பேய் மழை. ஏழாம் எண் கட்டிலில் புத்தம் புதிய நீலக் குடை தொங்கியது. எடுத்துக்கொண்டாள்.

"ஏய், அது என்னோடது!"

"நீ நகாலௌ, நான் வைநிமோலி. அப்புறம் என்ன?"

படியிறங்கித் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், தோற்றுப்போனதற்காக அத்தனை சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சரமாய் இறங்கும் மழைக்கு அந்தப் பக்கம் அவன் முகம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், தானும் சிரித்துக்கொண்டே வருவது அவளுக்குத் தெரிந்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை எல்லாம் கெட்டது.

பன்னிரண்டு மணி மாத்திரையோடு போனாள். அபெனிசா, "சனிக்கிழமை கப்பல் ஏறலாம்னு டாக்டர் சொல்லிட்டார், சிஸ்டர்" என்றார்.

"நல்லதா போச்சு. வார்டுக்கு நிம்மதி," என்றாள் வசிதி.

இசிகேலி எழுந்து நின்றான். வார்டே கேட்கிற குரலில், "மாமாவோட இந்த நர்ஸையும் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன். என்ன வசிதி, என்னைக் கட்டிக்கிறியா?" என்றான்.

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி. நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொண்டது. அதற்குள் வார்டு வெடித்துச் சிரித்தது. ஒன்பதாம் எண் கட்டில் தாத்தா தட்டில் தாளம் போட்டார். இசிகேலியும் சிரித்தான். எல்லோரையும்விடச் சத்தமாக.

அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் தம்ளரை 'டக்'கென்று வைத்தாள். "மாத்திரையைப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

தலைமை நர்ஸிடம் போய், "நாளைக்கு என்னைப் பிரசவ வார்டுல போடுங்க" என்றாள்.

"ஏன்? என்ன ஆச்சு?"

"சத்தம் தாங்கல."

"பிரசவமான பொம்பளைங்க சத்தம் போட மாட்டாங்களா?" என்று முணுமுணுத்தாலும் அந்த அம்மாள் மாற்றிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், அம்மா மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே மகளின் முகத்தையே பார்த்தாள். விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"கேலிதானேடி பண்ணான். தௌவுகிட்ட கோபிச்சுக்கக் கூடாது."

"எல்லாத்துக்கும் ஒரு அளவு இல்லையா? எதைச் சொன்னாலும் கேலி! எதைத்தான் நிஜமா சொல்றான்னு ஒருத்தி எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அம்மாவின் கத்தி நின்றது. "உனக்கு அவன் கேட்டானேன்னு கோபமா... இல்ல, கேட்டது பொய்யாப் போச்சேன்னு கோபமா?"

அப்பா மெதுவாகக் காலை நாற்காலிக்குக் கொண்டுவந்தார். "அந்த நகம்..."

"அப்பா!!"

*

சனிக்கிழமை காலை தலைமை நர்ஸ் அவளைத் திரும்ப இழுத்தாள். "ஆண்கள் வார்டுல ரெண்டு பேர் லீவு. உன் சண்டையை நீயே தீர்த்துக்கோ. ஏழாம் எண்ணை வீட்டுக்கு அனுப்பு."

கட்டிலில் அபெனிசா மட்டும் இருந்தார். கட்டு மாற்றி, மருந்துச் சீட்டை விளக்கி, கனம் தூக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். கண் தன்னிஷ்டத்துக்குக் காலி நாற்காலிப் பக்கம் போய் வந்தது.

"அவனைத் தேடறியா சிஸ்டர்?"

"இல்லியே."

"நேத்து முழுக்க அவன் ஒரு கிண்டல்கூட பண்ணல. ஜுரமோன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன்." அபெனிசா மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தார். "வெளியே நிக்கறான். நான் டாக்ஸில உக்காந்திருக்கேன். கப்பல் பன்னிரண்டுக்கு. அவசரம் இல்ல, ஆனா... கொஞ்சம் அவசரம்தான்."

வெளி நடையில் இசிகேலி நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட சுலு வேட்டி. விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான். கையில் ஒன்றும் இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. சிரிப்பில்லாத அந்த முகம் அவளுக்குப் புதிது... ரொம்பச் சின்னப் பையன் மாதிரி இருந்தது.

"சொல்லு. என்ன கேலி பாக்கி?"

"வசிதி... நான்..." நின்றான். தொண்டையைச் செருமினான். "உங்க ஊர்க்காரங்ககிட்ட கேலி இல்லாம நான் பேசினதே இல்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

"எனக்கு வார்டுல வேலை இருக்கு."

"எட்டு மணி. பன்னிரண்டு மணி. ரெண்டு மணி."

"என்னது?"

"மாமாவோட மாத்திரை வேளை. அவருக்கே ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு. அந்த நேரத்துலதான் நீ வருவே." அவன் காதோரம் சிவந்தது. "நேத்து எட்டு மணிக்கு வேற யாரோ வந்தாங்க. பன்னிரண்டுக்கும் வேற யாரோ. அப்புறம் நான் மணியே பார்க்கல."

வசிதிக்குக் கோபம் போகவில்லை. இன்னும் ஏறியது. "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. வார்டுக்கு நடுவுல நின்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீயும்தானே சிரிச்சே! எல்லாரையும்விட சத்தமா!"

"பயத்துல சிரிச்சேன்."

அவ்வளவு மெல்லச் சொன்னான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள் இந்த முறை விலகவில்லை. மழை விட்டிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக வாசல் குழியில் விழுந்துகொண்டிருந்தது. கீழே டாக்ஸி ஒரு முறை மரியாதையாக ஒலித்தது.

"நீ மாட்டேன்னு சொல்லிட்டா, கேலிதான்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு நினைச்சேன்," என்றான். "இப்ப தப்பிக்க வழி இல்லாம நிக்கறேன். இது கேலி இல்ல, வசிதி. எனக்கு நீ வேணும்."

கையிலிருந்த குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏதாவது சுருக்கென்று சொல்லத் தேடினாள்.

"எனக்கு உன்னைப் பார்த்தாலே கோபம் கோபமா வருது," என்றாள். குரல் உடைந்தது. "நேத்து பூரா உன்னைப் பார்க்கல... அப்பவும் கோபம்தான் வந்துச்சு. இன்னும் அதிகமா."

"அப்படின்னா?"

"அப்படின்னா, மாமாவைக் கொண்டு போய் விட்டுட்டு, அடுத்த கப்பல்ல வா. பெரியவங்களோட வந்து எங்க அப்பாகிட்ட முறையா கேளு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் நீ வேணும்டா, மடையா."