சரக்கு ஏறிய லாரி

பூச்சி தன் லாரியை மேசைமேல் வைத்ததுமே வகுப்பு சிரித்துவிட்டது.

"டேய், பின்பக்கம் உட்கார்ந்துடுச்சுடா!"

"சக்கரத்துல காத்தே இல்ல!"

"சண்டைக்குப் போற லாரியா இது? அடி வாங்கிட்டு வந்த லாரி!"

பூச்சி வாயைத் திறக்கவில்லை. சாதாரண நாளிலேயே அவன் பேசமாட்டான். வாயில்லாப் பூச்சி என்று கூப்பிட ஆரம்பித்து, பாதி தேய்ந்து, பூச்சி என்று நின்றுவிட்ட பெயர் அது. இன்றைக்கு விதியும் அப்படி. ஒருவர் செய்ததை இன்னொருவர் மதிப்பிடும்போது, செய்தவர் பேசக் கூடாது.

"சாமான் பேசட்டும். நீங்க சும்மா இருங்க" என்பார் கைவினை டீச்சர்.

கப்பல், விமானம் என்று ஆளுக்கொரு பெட்டி கொடுத்திருந்தார். பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் வரிசையாகத் தொங்கும். அவற்றை வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். நன்றாக வந்தது பள்ளி வாசலில் இருக்கும் கண்ணாடி அலமாரிக்குப் போகும். வராதது, செய்தவரோடு வீட்டுக்குப் போகும்.

பூச்சிக்கும் கேப்டனுக்கும் மட்டும் ஒரே மாதிரிப் பெட்டி: போர்க்காலத்து ராணுவ லாரி. கேப்டன் என்றால் வகுப்புத் தலைவன்தான். அவன் லாரிக்கு ஏற்கெனவே பாராட்டு கிடைத்துவிட்டது. முதுகு நிறைய மூட்டை அடுக்கி, அணிவகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றது.

அதே அளவு மூட்டை ஏற்றியிருந்த பூச்சியின் லாரியை மதிப்பிட ஆணிக்குச் சீட்டு விழுந்தது. ஒல்லி உடம்பு, கூர்மையான பார்வை, அதனால் அந்தப் பெயர். அவள் மேசையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"முன் கண்ணாடியில பசை இழுகியிருக்கு. ஒண்ணு."

"அப்படிப் போடு!" என்றான் கேப்டன்.

"ஸ்டெப்னி சக்கரத்துல, அச்சுல வார்த்தப்ப விழுந்த கோடு தேய்க்காம நிக்குது. ரெண்டு. ஒரு லைட்டு ரோட்டைப் பார்க்குது, இன்னொண்ணு வானத்தைப் பார்க்குது. மூணு."

வகுப்பு கைதட்டியது. பூச்சி மேசைக்கடியில் தன் பையின் வாயை மெல்லத் திறந்து வைத்துக்கொண்டான். லாரியைப் போட்டுக்கொண்டு போக.

"நாலு, பின்பக்கம் தொங்குது. சொல்லு, சொல்லு" என்றான் கேப்டன்.

ஆணி சொல்லவில்லை. லாரியைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். சக்கரங்களுக்கு மேலே பாரம் தாங்க அடுக்கியிருக்கும் பட்டைகள் கேப்டனின் லாரியில் வில் மாதிரி வளைந்திருந்தன. இதில் நேராகக் கிடந்தன. பின் சக்கரங்களின் அடியிலும் தட்டையாக அரம் தேய்த்த தடம், அதன்மேல் கவனமாகப் பூசிய வண்ணம். கை தவறினால் இப்படி ஆகாது. உட்கார்ந்து பாடுபட்டிருக்கிறான்.

ஆணியின் அப்பா சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவர். விடுமுறை நாளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். காலி லாரி தடதடவென்று குதித்து வரும். மூட்டை ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும். அதை ஏற்றி முடித்த அப்பாவும் அப்படித்தான் உட்காருவார்.

"கேப்டன், கொஞ்சம் முன்னாடி வா. நேரா நில்லு" என்றாள்.

வந்து நின்றான். அவன் முதுகில் தன் பையை மாட்டினாள். அதன்மேல் பூச்சியின் பையை வைத்தாள். "இன்னும் குடுங்க!" என்றதும் நாலா பக்கமிருந்தும் பைகள் வந்தன. பெஞ்ச் மேல் ஏறி நின்று அடுக்கினாள்.

"ஏய், போதும்! எல்லாரும் கல்லா கொண்டு வர்றீங்க?"

"நேரா நில்லுன்னு சொன்னேன்ல?"

"எப்படி நிக்கிறது? முட்டி மடங்குது!"

"லாரிக்கும் அதேதான்" என்றாள் ஆணி. "இந்தப் பட்டைதான் அதுக்கு முட்டி. இத்தனை மூட்டையை ஏத்திட்டு நிமிர்ந்து நின்னா, அது லாரி இல்ல, படம். டீச்சர், குறை மூணுதான். பின்பக்கம் இறங்கியிருக்கிறது குறை இல்ல, வேலை."

டீச்சர் லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூச்சி, இப்ப நீ பேசலாம். பட்டையை எப்படி நேராக்கினே?"

பூச்சி எழுந்தான். "வெந்நீர்ல போட்டு நிமிர்த்தினேன் டீச்சர். ஒரு பட்டை ஒடைஞ்சுபோச்சு. ஒட்டினேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுதான் நாலாவது குறை. ஆணி பார்க்கல" என்றான்.

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை பூச்சியும் சிரித்தான்.

"டேய், முதல்ல பையை எடுங்கடா!" என்று கத்தினான் கேப்டன்.

எடுத்தார்கள். ஆனால் அவன் நிமிரவில்லை. எல்லார் கண்ணும் அவனுடைய லாரிமேல் போயிருந்ததை அவனும் பார்த்துவிட்டான்.

ஆணி அவன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். "மூட்டையெல்லாம் ஒட்டிட்டியா?"

"இல்ல. சும்மா அடுக்கினேன்."

"அப்ப எறக்கிடு. காலி லாரி இப்படித்தான் நிமிர்ந்து நிக்கும்."

கேப்டன் தன் லாரியின் பக்கம் குனிந்தான். பிறகு நகத்தால் ஒவ்வொரு மூட்டையாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மாலையில் கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு லாரிகளும் எதிரெதிராக நின்றன. ஒன்று சரக்கோடு போகிறது. இன்னொன்று இறக்கிவிட்டு வருகிறது.

ஆணியைக் கூட்டிப்போக அப்பா வந்தார். அலமாரியைத் தாண்டிப் போனவர், நின்று, திரும்பி வந்தார். பூச்சியின் லாரியைப் பார்த்தபடியே அவர் கை தானாக இடுப்பைத் தடவிக்கொண்டது.

"யாரும்மா இதுல இவ்வளவு ஏத்தினது?"

"நான்தான் மாமா!" என்றான் பக்கத்தில் நின்ற பூச்சி, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.